விமானத்துக்கு அப்பா என்று பெயர்

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஆகாயத்தில் விமானம் போனால் அதை யாரும் விமானம் என்று சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு வீடு அதற்கு ஒரு பெயர் உண்டு. வடக்கு வீட்டில் அது அண்ணன். தெற்கு வீட்டில் மாமன். தனுவச்சபுரம் போகிற ரோட்டோரம் புதிதாக மொட்டைமாடி வீடு கட்டியவர்களுக்கு அது மருமகன். எங்கள் வீட்டில் அதற்கு அப்பா என்று பெயர். சத்தம் கேட்டதும் அடுப்பில் கிடப்பதை அப்படியே போட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவேன். "அன்னா பாரு மக்கா, அப்பா போறாரு. டாட்டா காட்டு" என்பேன். பிள்ளையும் காட்டும். அது கொழும்புக்குப் போகிறதா, பம்பாய்க்குப் போகிறதா என்று யார் கண்டது? எங்களுக்கு எல்லாம் மஸ்கட்டுதான்.

எங்கள் கொல்லயில் ஊர்ப் பக்கம் கல்ஃபுக்கு ஆள் அனுப்பிய எல்லா வீட்டிலும் பிள்ளைகளை இப்படித்தான் பழக்கினோம். என் பிள்ளைக்குத் தலை நிற்காத பருவத்தில் அவள் அப்பா மஸ்கட்டுக்கு வெல்டர் வேலைக்குப் போனார். கூடத்துச் சுவரில் அவர் போட்டோ ஒன்று உண்டு. நெய்யாற்றின்கரையில் ஒரு ஸ்டூடியோவில், வரைந்த நீர்வீழ்ச்சிக்கு முன்னால் பெல்பாட்டம் போட்டுக்கொண்டு எடுத்தது. அதையும் அப்பா என்றுதான் காட்டிக்கொடுத்தேன். ஆனால் பளபளவென்று, ஊரே அதிரும்படி தினமும் வீட்டுக்கு மேலே போகிற ஒரு அப்பா இருக்கும்போது, சுவரில் சும்மா சிரித்துக்கொண்டு நிற்கிற ஆளை எந்தப் பிள்ளை மதிக்கும்?

இரண்டு வருஷம் கழித்து அவர் லீவில் வந்தார். பிள்ளை காலையில் கண்விழித்தபோது வீட்டில் ஒரு புது ஆள் பல் தேய்த்துக்கொண்டிருந்தது. ஆள் என்றே பெயரும் வைத்துவிட்டாள். "அம்மா, ஆளு குளிக்குது." "அம்மா, ஆளு தோசை கேக்குது." ஒருநாள் அவர் முன்னாலேயே, "அம்மா, ஆளு எப்பம் போவும்?" என்று கேட்டாள். வீடே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அத்துடன் நகர்த்திவிட்டார்.

நாங்கள் சொல்லிக்கொடுக்காமல் இல்லை. "இதாக்கும் மக்கா ஒனக்க அப்பா" என்று அவள் கையைப் பிடித்து அவர் கையில் வைத்தேன். பிள்ளை என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. அம்மாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பார்வை. பிறகு விரலை ஆகாயத்துக்கு நீட்டி, "அப்பா அங்க" என்று எனக்குப் பாடம் சொன்னது.

அவர் கொண்டுவந்த கண் மூடித் திறக்கிற பொம்மை, படுக்கப்போட்டால் கத்தியது. பிள்ளை அதைக் கோழிக்கூட்டில் கொண்டு போட்டுவிட்டது. மிட்டாய் டப்பாவை மட்டும் ஏற்றுக்கொண்டாள். அதுவும் கையெட்டும் தூரத்தில் நின்று "தா ஆளே" என்று வாங்கிக்கொண்டு ஓடிவிடுவாள். கொஞ்சம் அதட்டினால் சொல்லிவிடும் என்று நான் கண்ணை உருட்டியபோது அவர் தடுத்தார். "பயந்து சொன்னா அது எனக்கு வேண்டாம்" என்றார். அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான். அதைப் பிள்ளை தானாகச் சொல்லவேண்டும்.

லீவு தீரும் தறுவாயில், முற்றத்தில் வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், "இந்தத் தடவையும் கேக்காமதான் போவணும் போலிருக்கு" என்றார். நான் வாயாடி. யார் எது சொன்னாலும் நாக்கு நுனியில் பதில் வைத்திருப்பவள் என்று பெயரெடுத்தவள். அன்றைக்கு அவர் நறுக்கிப்போட்ட இலைகளை அடுக்கிவைத்துவிட்டு உள்ளே போனேன்.

என் மாமனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஜென்மியின், அதாவது நிலக்காரரின், தோப்பில் குடிசை போட்டுக் கிடந்தவர் அவர். ஜென்மியின் ஆள் வந்து விரட்டினால் சட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கவேண்டியதுதான். நிலச் சட்டம் வந்தபோது குடிசை நின்ற பத்து சென்டு அவருக்குப் பட்டாவாகக் கிடைத்தது. அன்று முதல் அவர் நடையே மாறிவிட்டது என்பார்கள். பத்து சென்டில் குடியிருக்கலாம், கூரைக்கு ஓடு போடலாம், ஏழெட்டுத் தென்னை வைக்கலாம். ஒரு குடும்பம் வயிறு நிறையச் சாப்பிட முடியாது. அதனால்தான் மகன் மஸ்கட்டுக்குப் போனார். மாமனார் அதைப்பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் வீட்டுக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் முற்றத்தில் நின்று, "எனக்க பத்து சென்டுக்கு மேலயாக்கும் போறான். ஒரு வார்த்தை கேட்டானா?" என்பார். ஜென்மி போனபிறகு அவருக்குச் சண்டை போட வேறு ஆள் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் சங்குமுகம் கடற்கரையில் விமானப்படையின் சாகசக் காட்சி நடக்கப்போகிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்று டீக்கடையில் பேச்சு வந்தது. என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு வந்த வேகத்திலேயே, "போவோம். பிள்ளைக்கு விமானம்னா உயிராக்கும்" என்றார்.

"உயிருதான். அதுதானே கொழப்பமே" என்றேன் நான். எதிராளி வீட்டுக்குத் தானே ஜீப் பிடித்துப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிற மனுஷனை அன்றுதான் பார்த்தேன். சொன்னேன் இதை, அவர் முகத்துக்கு நேரே. அவர், "பிள்ளை சந்தோஷப்படும்பம் நான் பக்கத்துல நிக்கலாமில்லியா" என்றார். நான் அரிசியை ஊறப்போட எழுந்து போனேன்.

பாறசாலையிலிருந்து வாடகை ஜீப் ஒன்று பேசினோம். நாங்கள் மூன்று பேர், மாமனார், பிறகு என் மைனி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்காள். மைனியின் புருஷன் ஷார்ஜாவில். கல்ஃபுக்கு ஆள் அனுப்புவதில் எங்கள் குடும்பத்தில் மைனிதான் கைதேர்ந்தவள். பெட்டி கட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. விமானத்தைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னதுதான் தாமதம், அவள் கை தன்னால் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் புளிச்சோறு, அவித்த மரச்சீனிக் கிழங்கு, பொரித்த மீன், பலாச்சக்கை வற்றல் எல்லாம் ஒரு அட்டைப்பெட்டிக்குள் போய், பெட்டி நான்கு பக்கமும் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் கயிறு போட்டு இறுக்கி முடிந்து கிடக்கிறது.

"மைனி, மத்தியானம் இதை எப்பிடித் தெறப்பீங்க?" என்றேன்.

"தெறக்கணுமா?" என்றாள். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

ஜீப் டிரைவர் பெட்டியைப் பார்த்தான். புது வெள்ளை வேட்டி கட்டிய மாமனாரைப் பார்த்தான். "இன்னைக்கு ஆரு போறது?" என்று அடக்கமான குரலில் கேட்டான். யாரும் போகவில்லை, சும்மா பார்க்கப் போகிறோம் என்றபோது அவனால் நம்பமுடியவில்லை. யாராவது ஒருவரை விட்டுவிட்டு வராமல் அவன் ஜீப் அந்தப் பக்கம் போனதே கிடையாதாம். போகும்போது பாட்டு, வரும்போது மூக்குச் சிந்தல், இதுதான் தன் பிழைப்பு என்றான்.

அன்றைக்குப் போகும்போது பாட்டு உண்டு. நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனை என்று பாடிக்கொண்டே போனோம். வள்ளக்கடவு தாண்டி, விமான நிலையத்துக்குத் திரும்புகிற வளைவு வந்தது. பாடிக்கொண்டிருந்த மைனி பாதியில் நிறுத்தினாள். முந்தானையை எடுத்தாள். கேவிக் கேவி அழ ஆரம்பித்தாள்.

"என்ன மைனி? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல… இந்த வளவு வந்தா எனக்குத் தன்னால வரும்" என்றாள் அழுதுகொண்டே.

ஜீப்பே குலுங்கும்படி சிரித்தோம். மைனியும் சிரித்தாள், ஆனால் அழுகை நிற்கவில்லை. எடுத்த அழுகையை முடிக்காமல் விடுவது அவளுக்குப் பழக்கமில்லை. டிரைவர் அதைவிட மோசம். கடற்கரைக்குப் போவதை மறந்து நேரே விமான நிலைய வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். போலீஸ்காரர் விசிலை ஊதி எங்களைத் துரத்திவிட்டார்.

கடற்கரையில் மண் தெரியவில்லை, அவ்வளவு கூட்டம். சங்குமுகத்தின் மணலில் அதற்குமுன் நான் அவ்வளவு பேரைப் பார்த்ததில்லை. கடலை, ஐஸ், பஞ்சுமிட்டாய், காற்றாடி, பலூன் என்று திருவிழாதான். கயிறு கட்டிய எல்லைக்குப் பக்கத்தில் ஓர் இடம் கிடைத்தது. மாமனார் ஒரு குச்சியைப் பொறுக்கி எங்களைச் சுற்றி மணலில் சதுரமாகக் கோடு போட்டார். "இது நம்ம எடம்" என்றார் அக்கம்பக்கத்தாரிடம். கோட்டை மிதித்தவர்களைப் பார்த்து இருமினார். ஒருவரும் மறுபடி மிதிக்கவில்லை.

ஒலிபெருக்கியில் முதலில் ஹிந்தியில்தான் சொன்னார்கள். எங்கள் பக்கம் யாருக்கும் புரியவில்லை. என் வீட்டுக்காரருக்கு மஸ்கட் தந்த ஹிந்தி உண்டு. "இப்பம் ஹெலிகாப்டர் வருமாம். தேசியக் கொடி கட்டிக்கிட்டு வருமாம்" என்று சொன்னார். சுற்றிலும் பத்துப்பேர் அவர் வாயைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை. "எனக்க மோனாக்கும்" என்று மலையாளத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் அறிவித்தார். அவரவருக்குப் புரிகிற மொழியில் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான்.

என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். ஏறினாள். உயரத்திலிருந்து பார்க்கலாம் என்றால் ஆள் தோளானாலும் பரவாயில்லை. ஹெலிகாப்டர்கள் கொடியோடு கடல்மேல் வந்தன. பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக் கத்தியது. "அப்பா! அப்பா வாறாரு! அப்பா டாட்டா!"

அடுத்து மூன்று விமானங்கள் சேர்ந்து வந்தன. "அம்மா! இன்னொரு அப்பா! அன்னா இன்னொரு அப்பா! நெறைய அப்பா!" வீட்டுக்குமேலே தினம் ஒன்று போவதைப் பார்த்த பிள்ளைக்கு அன்று ஆகாயம் முழுக்க அப்பா. அவள் சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! அவர் தலைமுடியைக் கடிவாளம் மாதிரிப் பிடித்துக்கொண்டு அவள் துள்ளுகிறாள். அவர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

பக்கத்தில் கடலை கொறித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, "அம்போ! ஈ கொச்சினு எத்தற அச்சன்மாரா!" என்றார். இந்தப் பிள்ளைக்கு எத்தனை அப்பன்மார் என்று கேலி. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

எனக்குச் சுரீரென்றது. "எனக்க பிள்ளைக்கு ஒரே ஒரு அப்பன்தான் உண்டும். இன்னா நிக்கிய மனுஷனாக்கும். நீங்க கடலையைத் தின்னும்" என்றேன். அந்தப் பெரியவர் கடலையைத் தின்றார். ஆனால் என் வீட்டுக்காரரின் காது சிவந்துபோயிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு போர்விமானம் கடலைத் தொடுகிற மாதிரித் தாழ வந்தது. வரும்போது சத்தமே இல்லை. தலையைத் தாண்டிய பிறகுதான் சத்தம் வந்தது, நெஞ்சுக்கூடு அதிர. மைனி சோற்றுப் பெட்டியின்மேல் குப்புற விழுந்து அதைக் காப்பாற்றினாள். மாமனார் காதைப் பொத்திக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்து ஏதோ திட்டினார். பிள்ளை பயப்படவில்லை. அந்த விமானம் மேலே ஏறி மல்லாந்து தலைகீழாகப் பறந்தபோது, "அப்பா தலைகீழா போறாரு!" என்று கை தட்டினாள்.

"ஒனக்க அப்பனுக்கு நல்ல தைரியம் உண்டு மக்கா" என்றார் அவர்.

இதைச் சொல்லிவிட்டு அவளைத் தோளிலிருந்து இறக்கி என்னிடம் நீட்டினார். "நீ கொஞ்சம் வச்சுக்கோ. தோளு நோவுது." நாள் முழுக்க இரும்புக் குழாய் சுமக்கிற தோள் அது. மூன்று வயதுகூட நிறையாத பிள்ளைக்கு நோகுமா? நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். எனக்கு அந்த விமானங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கல்லெறிந்து விழுத்தவேண்டும் போல இருந்தது.

வெயில் ஏறிவிட்டது. நான் குடையை விரித்துப் பிள்ளையை அதன்கீழ் உட்கார்த்தினேன். அவர் கொண்டுவந்த குடை அது. மூன்றாக மடங்கும். பித்தானை அழுத்தினால் டப் என்று தானாக விரியும். அந்தப் பகுதியில் அப்படி ஒரு குடை என்னிடம் மட்டும்தான் என்ற கர்வம் எனக்கு உண்டு.

அப்போது ஒரு தடித்த விமானம் மெதுவாக, மிக உயரத்தில் வந்தது. மற்றவை போல வித்தை ஒன்றும் காட்டவில்லை. அதன் வயிற்றிலிருந்து கரும்புள்ளிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கூட்டம் ஓவென்று எழுந்தது. புள்ளிகளுக்குமேல் பாரசூட்டுகள் விரிந்தன. காவி, வெள்ளை, பச்சை.

"அம்மா, குடை!" என்றாள் பிள்ளை. பிறகு குரல் தாழ்ந்தது. "அம்மா… அப்பாக்கிட்ட இருந்து ஏதோ விழுது."

"விழல்ல மக்கா, சாடுகான்" என்றார் மாமனார். குதிப்பதை எங்கள் பக்கம் சாடுவது என்பார்கள். "உள்ள இருந்த ஆளாக்கும் சாடுகது."

பிள்ளை எழுந்து நின்றுவிட்டது. பாரசூட்டுகள் ஆடி ஆடி இறங்கின. ஒன்று எங்கள் கயிற்றுக்கு நேர் எதிரே மணலில் வந்து இறங்கியது. அந்தப் பட்டாளக்காரர் ஓடி நின்று, சரிந்த துணியைச் சுருட்டினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். வியர்த்த முகம், மீசை, கலைந்த முடி. எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார். நம் ஊர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கக்கூடிய ஒரு மனுஷன்.

பிள்ளை அவரையே பார்த்தாள். ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்த விமானத்தைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். பிறகு என் சேலையைப் பிடித்து இழுத்து, ரகசியம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அம்மா, அப்பாக்க உள்ள ஆளு உண்டா?"

 இவ்வளவு நாளும் எங்களுக்குத் தோன்றாத கேள்வி. "உண்டு மக்கா" என்று என் வீட்டுக்காரரைக் கைகாட்டினேன். "உள்ள ஆளு உண்டு. இன்னா, இந்த ஆளாக்கும் உள்ள இருந்தது."

"இந்த ஆளா?"

"இந்த ஆளேதான்."

பிள்ளை திரும்பி அவரை மேலும் கீழும் அளந்தாள். அவர் மணலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவும் தோன்றாமல் அப்படியே இருந்தார்.

"நீ சாடினியா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லத் தெரியாத மனுஷன் அவர். மஸ்கட்டிலிருந்து வருகிறவன் எல்லாம் ஊரில் சூப்பர்வைசர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறபோது, கேட்பவரிடமெல்லாம் "இரும்பு ஒட்டுக வேலை" என்று சொல்கிறவர். அவர் என்னைப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்தேன். சொல்லித்தொலையும் என்கிற பார்வை.

"சாடினேன்" என்றார்.

"எங்க?"

அவருக்கு அடுத்த பொய் வரவில்லை. மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். "நம்ம பத்து சென்டிலயாக்கும். தென்னமரத்துக்க மூட்டுல. நான் கண்ணால பாத்தேன்." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார். "எனக்கிட்ட கேட்டிட்டுதான் எறங்கினான்."

பிள்ளைக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. "குடை எங்க?"

யாரும் எதிர்பார்க்கவில்லை. மைனி என் கையிலிருந்த குடையை வெடுக்கென்று பிடுங்கினாள். சடசடவென்று மூன்றாக மடக்கினாள். தம்பியின் கையில் திணித்தாள். "காட்டு பிள்ளைக்கி" என்றாள்.

அவர் பித்தானை அழுத்தினார். டப் என்று விரிந்தது. பிள்ளையின் வாய் பிளந்துவிட்டது. "இன்னும்" என்றாள். மடக்கி மறுபடி அழுத்தினார். டப். "இன்னும்." டப். கடலை தின்ற பெரியவரும் இப்போது எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை சிரித்துக்கொண்டே குனிந்து குடைக்குள் நுழைந்தாள். அவர் மீசையைத் தொட்டுப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். பட்டாளக்காரரின் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாளோ என்னவோ.

"அப்பா" என்றாள்.

அவர் குடையை மணலில் சாய்த்து வைத்தார்.

"அப்பா, பஞ்சுமுட்டாய்."

அவர் ஓடினார். நிஜமாகவே ஓடினார், ஒரு செருப்பு மணலில் கழன்றுபோக, மாமனார் போட்ட எல்லைக்கோட்டையெல்லாம் அழித்துக்கொண்டு. திரும்பி வரும்போது கை கொள்ளாமல் பஞ்சுமிட்டாய். பிள்ளைக்குக் கொடுத்தார், எனக்குக் கொடுத்தார், மைனிக்கு, மாமனாருக்கு, அந்தக் கடலைக்காரப் பெரியவருக்கும் ஒன்று கொடுத்தார். பெரியவர் அதை வாங்கிக்கொண்டு, "மோளே, இதானு நின்டெ அச்சன், கேட்டோ" என்றார், மகளே இதுதான் உன் அப்பன் என்று. அவரை நான் அந்த நிமிஷமே மன்னித்துவிட்டேன்.

அதன்பிறகு பிள்ளையின் வாய் ஓயவில்லை. அப்பா தண்ணி. அப்பா கடலு. அப்பா அது என்ன. அப்பா தூக்கு. ஒவ்வொன்றுக்கும் அவர் "என்ன மக்கா, என்ன மக்கா" என்று பதில் சொன்னார். மைனி, "ரெண்டுபேருக்க வாயும் நோவும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை அவளுடைய அழுகைக்குக் காரணம் இருந்தது. அட்டைப்பெட்டியைத் திறக்க ஜீப்பிலிருந்து ஸ்குரூடிரைவர் வாங்கிவரவேண்டியிருந்தது. வட்டமாக உட்கார்ந்து மரச்சீனியும் மீனும் தின்றோம். கடைசியில் எல்லா விமானமும் சேர்ந்து வந்து ஆகாயத்தில் பெரிய வித்தை ஒன்று காட்டியதாம். அடுத்தநாள் ஊரில் அதைப்பற்றித்தான் பேச்சு. எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. நாங்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போதும் ஜீப்பில் பாட்டு. அங்கே போய்விட்டு வரும்போது இந்த ஜீப்பில் பாட்டு கேட்பது இதுதான் முதல் தடவை என்று டிரைவர் சொன்னான். பாலராமபுரத்தில் நிறுத்தி டீ குடித்தோம். டீக்கடைக்காரர் கேட்காமலேயே என் வீட்டுக்காரர், "எனக்க மகளாக்கும்" என்று சொன்னார். அவரிடமிருந்து அப்படி ஒரு வாய்த்துடுக்கை நான் எதிர்பார்க்கவில்லை. கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததேயில்லை. என் கல்யாண நாளும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நெய்யாற்றின்கரை தாண்டியதும் பிள்ளை அவர் மடியில் சாய்ந்துகொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தோம். தூங்கவில்லை.

"அப்பா."

"என்ன மக்கா."

"இனியும் அதுக்க உள்ள ஏறுவியா?"

ஜீப்பில் பாட்டு நின்றது. டிரைவர்கூட வேகத்தைக் குறைத்தான். மத்தியானம் ஒரு பொய்யை நான்கு பெரியவர்கள் சேர்ந்து தூக்கி நிறுத்தினோம். இந்தக் கேள்விக்கு எங்கள் ஒருவரிடமும் பொய் இல்லை.

"ஏறணும் மக்கா" என்றார். "அடுத்த ஆழ்ச்ச ஏறணும்."

பிள்ளை அழும் என்று நான் கையை நீட்டித் தயாராக இருந்தேன். அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். எனக்கு அந்த நேரத்தில் மஸ்கட்மேல் கோபம், பத்து சென்டாகவே நின்றுபோன பத்து சென்டின்மேல் கோபம், ஒரு சொல்லைக் கேட்ட கையோடு விட்டுவிட்டுப் போகவேண்டிய அவருடைய தலையெழுத்தின்மேல் கோபம். பிள்ளை அழவில்லை. ஆகாயத்தில் என்ன நடக்கிறது, எப்படி இறங்குவது என்பதையெல்லாம் அன்று தன் கண்ணாலேயே பார்த்தவள் அல்லவா? அவர் மடியில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்பம் குடை கொண்டுபோ" என்றாள். "மறந்திராத."

"கொண்டுபோறேன் மக்கா" என்றார். பிறகு வீடு வரும்வரை அவர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

அடுத்த வாரம் பெட்டி கட்டினோம். ஊறுகாய் பாட்டிலுக்கு இடமில்லை என்று மைனி குடையை எடுத்து வெளியே வைத்தாள். மஸ்கட்டில் மழை ஏது, குடை எதற்கு என்றாள். பிள்ளை ஊறுகாயை எடுத்து வெளியே வைத்துவிட்டுக் குடையை உள்ளே வைத்தது. இரண்டுமுறை இது நடந்தது. மூன்றாவதுமுறை அவரே வந்து குடையை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

விமான நிலைய வாசலில் அவர் பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்தார். நாங்கள் எல்லாரும் அழுதோம். டிரைவர்கூட அழுதான். பிள்ளை மட்டும் அழவில்லை. அவர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவினாள். குடை இருந்தது. அதற்குப் பிறகுதான் அவரைப் போகவிட்டாள்.